ஒரே ஊரா, ஊர் ஊராகவா: கேம்பெயினின் கணக்கு எங்கே மாறுகிறது

டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மாதிரி மேஜையில் ஆடும் கற்பனைக் கதையாட்டத்தில், புதிதாக டிஎம் (டன்ஜியன் மாஸ்டர், ஆட்டத்தை நடத்துகிறவர்) ஆகிறவர்களுக்கு முதலில் வரைபடத்தின் மேல்தான் ஆசை. மலைத்தொடர், பாலைவனம், ஏழு ராஜ்ஜியம், நடுவில் ஒரு கடல் என்று இரண்டு வாரம் உட்கார்ந்து வரைவார்கள். ஆட்டம் தொடங்கியதும் முதல் நான்கு செஷன் (ஆட உட்காரும் அமர்வு) ஒரே சத்திரத்தில் ஓடும். வரைபடத்தில் மீதி இடம் அப்படியே கிடக்கும். இதில் வரைபடத்தின் மேல் குற்றம் இல்லை. வரைவதற்கு முன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: பிளேயர்கள் ஆடும் கேரக்டர்கள் கிளம்பிப் போன இடத்துக்குத் திரும்பி வருவார்களா, மாட்டார்களா?

திரும்பி வருகிற கேம்பெயினில் (பல செஷன் தொடரும் ஒரே கதையில்) கேரக்டர்கள் செலவழிப்பது பெயர், உறவு, பகை. திரும்பாத கேம்பெயினில் செலவாவது சோறு, தண்ணீர், நாள். இரண்டுக்கும் கணக்குப் புத்தகமே வேறு. பல மேஜைகளில் ஆட்டம் சப்பென்று போவதற்குக் காரணம், ஒன்றின் கணக்கை மற்றதில் எழுதுவதுதான். காட்டுக்குள் போகிற கேம்பெயினில் தண்ணீரை யாரும் எண்ணுவதில்லை. ஊருக்குள் ஓடுகிற கேம்பெயினில் போன வாரம் உதைபட்டவன் இந்த வாரம் முகம் தெரியாதவன் மாதிரி நடந்து போகிறான்.

இரண்டு வகையும் ஆரம்பத்திலிருந்தே உண்டு. 1974-ல் வந்த முதல் டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் கோட்டைக்குக் கீழே இருக்கும் பாதாளத்தை மையமாக வைத்தது. வெளிக்காட்டில் சுற்றுவதற்கு மட்டும் அவலான் ஹில் நிறுவனத்தின் அவுட்டோர் சர்வைவல் என்ற போர்டு கேமை எடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னது. பயணத்துக்கு வேறு பலகை வேண்டும் என்பது அன்றைக்கே தெரிந்திருக்கிறது. கீழே வரும் எண்கள் எல்லாம் ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகளை ஒட்டியவை. சில மாட்யூல்களின் (ஆயத்தமாக எழுதி விற்கப்படும் கதைகளின்) உள்ளடக்கமும் கொஞ்சம் வெளிப்படும், அவற்றைப் பிளேயராக ஆடப்போகிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

பயணத்தில் முதலில் தண்ணீர். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன், வெயில் அதிகமான இடத்தில் இரண்டு கேலன். வாட்டர்ஸ்கின் ஒன்றில் பிடிப்பது அரை கேலன், நிரப்பினால் எடை 5 பவுண்டு. அப்படியானால் சூடான காட்டில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு நான்கு தோல்பை, 20 பவுண்டு. ஐந்து பேருக்கு ஒரு நாளைக்கு 100 பவுண்டு. ஸ்ட்ரென்த் (உடல் பலம்) 10 உள்ள ஆள் மொத்தமே 150 பவுண்டுதான் தூக்க முடியும். ஒரு வாரத் தண்ணீர் ஒருவருக்கு 140 பவுண்டு, அதைச் சுமந்தால் அவருக்கு வேறு எதையும் சுமக்க இடமிருக்காது என்பது இந்தப் பெருக்கலிலேயே தெரிந்துவிடுகிறது. ஆற்றை ஒட்டி நடக்க வேண்டும், இல்லை மழைநீர் பிடிக்க வேண்டும், இல்லை படகு வேண்டும். பாதையைத் தேர்ந்தெடுக்கும் வேலையைத் தண்ணீர் செய்துவிடுகிறது, டிஎம் கதை சொல்லித் தள்ள வேண்டியதில்லை.

குடிக்கிற அளவு பாதியாகக் குறைந்தால் டிசி 15 கான்ஸ்டிடியூஷன் சேவ், அதாவது உடல் தாங்குகிறதா என்று டி20 (இருபது பக்கப் பகடை) உருட்டி, கேரக்டரின் கூட்டு எண்ணையும் சேர்த்து 15-ஐ எட்ட வேண்டும். தோற்றால் ஒரு லெவல் எக்ஸாஷன் (களைப்பு). அதைவிடவும் குறைந்தால் சேவே கிடையாது, நேராக ஒரு லெவல். முதல் லெவல் எக்ஸாஷனுக்கு எல்லா எபிலிட்டி செக்கிலும் (திறமைச் சோதனையிலும்) டிஸ்அட்வான்டேஜ், அதாவது இரண்டு முறை உருட்டிச் சிறிய எண்ணை எடுக்க வேண்டும். இது எங்கே கடிக்கிறது என்று பாருங்கள். வழிகாட்டுகிறவருக்கு சர்வைவல் (காட்டில் வழி கண்டு பிழைக்கும் திறமை) +5, காட்டின் டிசி 15. நல்ல உடம்போடு இருந்தால் நூற்றுக்கு 55 தடவை வழி தப்பாது. தாகத்தில் இருந்தால் அது 30 ஆகிவிடுகிறது. தாகத்தால் வழி தப்புகிறது, வழி தப்பியதால் தண்ணீர் இன்னும் தூரமாகிறது. காட்டின் பயங்கரம் இந்தச் சங்கிலிதான். எந்த அசுரனையும் இறக்காமலே மேஜையில் பேச்சு அடங்கிவிடும்.

2017-ல் வந்த டூம் ஆஃப் அனைஹிலேஷன் இந்தக் கணக்கைப் பழக நல்ல மாட்யூல். சுல்ட் காடு, ஒரு ஹெக்ஸ் (வரைபடத்தின் அறுகோணக் கட்டம்) 10 மைல், சாதாரண நடையில் நாளைக்கு ஒரு ஹெக்ஸ். அதில் ஒரு நாளை மேஜையில் ஓட்டும் முறை இது: காலையில் எந்தத் திசை, எந்த வேகம் என்று பிளேயர்கள் சொல்கிறார்கள். வழிகாட்டியின் சர்வைவல் செக்கை டிஎம் திரைக்குப் பின்னால் உருட்டுகிறார். தோற்றால் டி6 (ஆறு பக்கப் பகடை) போட்டு ஆறு பக்கத்து ஹெக்ஸ்களில் ஒன்றுக்கு நகர்த்துகிறார், அதைச் சொல்வதில்லை. காலை, மதியம், இரவு என்று மூன்று முறை டி20, 16 அல்லது அதற்கு மேல் வந்தால் என்கவுன்ட்டர் (வழியில் எதிர்ப்படும் ஏதாவது ஒன்று). கடைசியாகச் சோறும் தண்ணீரும் கழிக்கப்படுகின்றன. எதுவும் நடக்காத நாள் மூன்று நிமிடத்தில் முடிய வேண்டும். பத்து நிமிடம் ஆகிறதென்றால் டிஎம் பகடையை மேஜையில் வந்து உருட்டுகிறார் என்று அர்த்தம். செஷனுக்கு முந்தைய நாளே பத்து நாளுக்கான முப்பது டி20-ஐ உருட்டி ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் இந்தச் சிக்கல் வராது.

அந்த மூன்று டி20-க்கும் ஒரு விலை உண்டு. ஒவ்வொன்றும் 25 சதவீதம் என்றால் ஒரு நாளில் ஏதாவது ஒன்று வருவதற்கு 58 சதவீதம். பத்து நாள் பயணத்தில் சராசரியாக ஏழரை என்கவுன்ட்டர். ஒவ்வொன்றும் சண்டையாகி நாற்பது நிமிடம் எடுத்தால் ஐந்து மணி நேரம், அதாவது இரண்டு முழு செஷன், கதையில் ஒரு அடியும் நகராமல். அதனால் ஏழில் மூன்றைத்தான் சண்டையாக வைக்க வேண்டும். மற்றவை கால்தடம், தூரத்துப் புகை, பாதி தின்ற பிணம், வழி கேட்கிற வேற்று ஆட்கள். நேற்றுக் கால்தடமாக வந்தது நாளை மறுநாள் மிருகமாக வந்தால், பிளேயர்கள் அதை எதேச்சையாக வந்ததென்று நினைக்க மாட்டார்கள்.

இன்னொரு சிறு விதி பல மேஜைகளில் விட்டுப்போகிறது. நடக்கும்போது வழி பார்ப்பவர், வரைபடம் வரைபவர், உணவு தேடுபவர், தடம் பார்ப்பவர் ஆகியோரின் பாஸிவ் பெர்செப்ஷன் (பகடை உருட்டாமலே கவனிக்கும் திறன்) ஆபத்தைக் கவனிக்கும் கணக்கில் வராது. இதைக் கறாராகப் பிடித்தால் ஐந்து பேரில் யார் எந்த வேலை என்று தினமும் காலையில் பேச்சு வரும். அந்தப் பேச்சுதான் பயணத்தில் பிளேயர்களுக்குக் கிடைக்கும் உண்மையான முடிவு. அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது டிஎம் வாசிக்கும் இயற்கை வர்ணனை மட்டுமே.

இனி பயணத்தை உடைக்கிற ஸ்பெல்கள் (மந்திரங்கள்). குட்பெர்ரி முதல் லெவல் ஸ்பெல். பத்துப் பழம், ஒரு பழம் ஒரு ஆளுக்கு ஒரு நாள் சாப்பாடு. கட்டுச்சோற்றுக் கணக்கு அங்கேயே முடிந்தது, தண்ணீர் மட்டும் மிச்சம். கேரக்டரின் ஐந்தாம் லெவலில் கிளெரிக்குக்கு (பூசாரி வகைக் கேரக்டருக்கு) கிடைக்கும் கிரியேட் ஃபுட் அண்ட் வாட்டர் 45 பவுண்டு உணவும் 30 கேலன் தண்ணீரும் தருகிறது. அதே ஐந்தாம் லெவலில் விசார்டுக்கு (மந்திரவாதிக்கு) டைனி ஹட், எட்டு மணி நேரம் யாரும் தொட முடியாத கூடாரம், ரிச்சுவலாக (சடங்காக) போட்டால் ஸ்லாட்டும் (மந்திரம் போட இருக்கும் கையிருப்பும்) செலவில்லை. ஒன்பதில் டெலிபோர்ட்டேஷன் சர்க்கிள், பதின்மூன்றில் டெலிபோர்ட், இரண்டும் நடக்காமலே வேறு இடத்துக்குப் போகும் மந்திரம். இவற்றைத் தடை செய்யச் சொல்லிப் பலர் அறிவுரை தருவார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. பிளேயர் தேர்ந்தெடுத்த திறமையைப் பிடுங்கினால் மனம் கசக்கும். பசியும் தாகமும் ஒன்றிலிருந்து நான்கு லெவல் வரைக்கும்தான் ஆட்டம் என்று ஏற்றுக்கொண்டு, அதற்குள் அவற்றை முழுமையாக ஆடிவிடுவது மேல். ஐந்துக்குப் பிறகு பயணத்தின் கேள்வியை மாற்றுங்கள்: எல்லை யாருடையது, யார் சுங்கம் கேட்கிறார்கள், யார் துரத்துகிறார்கள்.

ஐந்தாம் பதிப்பின் பயணத்தில் எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை லாங் ரெஸ்ட், அதாவது எட்டு மணி நேர ஓய்வு. விதிப்புத்தகம் ஒரு நாளைக்கு ஆறு முதல் எட்டு நடுத்தர அல்லது கடினமான என்கவுன்ட்டரை எதிர்பார்க்கிறது. பயணத்தில் ஒரு நாளைக்கு ஒன்று வருவதே அதிகம். எல்லா ஸ்லாட்டும் நிறைந்த நிலையில் இரண்டு ரவுண்டில் எதிரியை முடித்துவிட்டு எட்டு மணி நேரம் தூங்கினால் எல்லாம் திரும்ப வந்துவிடுகிறது. ஆபத்து என்று சொல்லிக்கொண்டிருப்போம், மேஜையில் ஆபத்து இருக்காது.

இதற்கு டன்ஜியன் மாஸ்டர் கையேட்டில் ஒரு மாற்று விதி உண்டு: எட்டு மணி நேரம் தூங்கினால் ஷார்ட் ரெஸ்ட் (கொஞ்சமே மீட்டுத் தரும் சிறு ஓய்வு), ஏழு நாள் ஓய்ந்தால்தான் லாங் ரெஸ்ட். சரிதான், ஆனால் பக்க விளைவு உண்டு. மேஜ் ஆர்மர் (மந்திரக் கவசம்) மாதிரி எட்டு மணி நேரம் நிற்கிற ஸ்பெல்கள் அடிபடும், ஏனென்றால் ஸ்லாட் திரும்ப ஒரு வாரம் ஆகும். ஷார்ட் ரெஸ்ட்டை நம்பியிருக்கும் வார்லாக், ஃபைட்டர் வகைக் கேரக்டர்கள் ஒரேயடியாக உயர்ந்துவிடுவார்கள். நடைமுறையில் இன்னும் எளிதாக ஓடுவது, பாதுகாப்பான கூரையின் கீழ் மட்டுமே லாங் ரெஸ்ட் என்கிற வழி. காட்டில் எவ்வளவு தூங்கினாலும் ஷார்ட் ரெஸ்ட்தான். கூரை எங்கே என்று டிஎம் வரைபடத்தில் முன்கூட்டியே குறித்துவிட வேண்டும், ஐந்தாறு நாள் நடைக்கு ஒன்று. அந்தப் புள்ளிகளைச் சுற்றிப் பயணம் தானாகவே வடிவம் எடுக்கும். இதை முதல் செஷனுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். விசார்டு கேரக்டர் எழுதியவருக்கு நடுவில் சொல்வது நியாயமில்லை.

சுல்ட் மாட்யூலில் ஒரு பிழையும் இருக்கிறது, அது எல்லாப் பயணக் கேம்பெயினுக்கும் பாடம். முன்பு எப்போதாவது உயிர்ப்பிக்கப்பட்டவர்களின் அதிகபட்ச ஹிட் பாயின்ட் (உயிர் அளவு) தினமும் ஒன்று குறைகிறது, கேரக்டர்களை அனுப்புகிறவரும் அப்படித்தான் செத்துக்கொண்டிருக்கிறார். ஒரு பக்கம் காட்டைச் சுற்றிப் பாருங்கள் என்கிறது மாட்யூல், மறுபக்கம் ஒரு நாள் தாமதித்தாலும் ஒரு உயிர் தேய்கிறது என்கிறது. பொறுப்பான பிளேயர்கள் நேர்க்கோட்டில் நடப்பார்கள், வழியில் எழுதி வைத்த நல்ல இடங்கள் எல்லாம் வீண். சுற்றிப் பார்க்கச் சொல்வதானால் கடிகாரத்தை நீளமாக வையுங்கள். சாபம் இருக்கட்டும், நாளுக்கு ஒன்றுக்குப் பதில் வாரத்துக்கு ஒன்று குறையட்டும். அது போதும்.

பயணத்தில் காசுக்கு மதிப்பில்லை. ஐம்பது நாணயம் ஒரு பவுண்டு. 5,000 பொற்காசு கிடைத்தால் அது 100 பவுண்டு சுமை, ஐந்து பேருக்கு ஒரு நாள் தண்ணீரின் எடை. எதைப் போட்டுவிட்டு எதை எடுப்பது என்று மேஜையில் சண்டை வந்தால் பயணக் கேம்பெயின் நன்றாக ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஊரில் அதே காசு வீடாகிறது, கடையாகிறது, யாரோ ஒருவர் கடன் கேட்டு வருகிற காரணமாகிறது.

ஊர்க் கேம்பெயினுக்கு ஆயத்தம் குறைவு என்று சொல்வார்கள். அளவில் குறைவில்லை, வேலையின் வகை வேறு. பயணத்தில் டிஎம் புதியதை எழுதுகிறார், ஊரில் பழையதை நினைவில் வைக்கிறார். தொடங்குவதற்கு ஐந்து இடம், எட்டு ஆள், மூன்று கோஷ்டி போதும். இருபது ஆளை எழுதினால் பிளேயர்களுக்குப் பெயர் நிற்காது. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு சிறு அட்டை, அதில் நான்கே வரி: என்ன வேண்டும், எதற்குப் பயம், யாருக்குக் கடன்பட்டவர், பிளேயர்கள் தலையிடாவிட்டால் அடுத்த வாரம் என்ன செய்வார். நான்காவது வரிதான் ஊரை ஓட்டுகிறது. அது இல்லாத ஆள் கடை பொம்மை.

2014 ஸ்டார்ட்டர் செட்டில் வரும் ஃபான்டாலின் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். ரெட்பிராண்டு ரவுடிகள் ஊரை மிரட்டுகிறார்கள், தலைவன் கிளாஸ்டாஃப். ஊர்த் தலைவர் ஹார்பின் வெஸ்டர் பயந்து வாய் திறப்பதில்லை. சுரங்க வியாபாரம் பார்க்கும் ஹாலியா தார்ன்டன் கிளாஸ்டாஃபைக் கொன்றால் 100 பொற்காசு தருவதாகச் சொல்கிறார். ஊருக்கு நல்லது செய்ய அல்ல, அந்தக் கும்பலைத் தானே எடுத்துக்கொள்ள. கேரக்டர்களோடு வந்த சில்டர் ஹால்விண்டருக்கோ அதே ஆள் உயிரோடு வேண்டும், விசாரணைக்கு. ஒரே ஆளின் உயிருக்கு இரண்டு விலை. பல மேஜைகளில் ரெட்பிராண்டை அடித்துவிட்டு, "சரி, அடுத்த குகை எங்கே" என்று கிளம்பிவிடுகிறார்கள், ஹாலியா அதோடு மறக்கப்படுகிறார். அவருடைய அட்டையில் நான்காவது வரியை எழுதிப் பாருங்கள்: "மிஞ்சிய ரெட்பிராண்டு ஆட்களைச் சம்பளத்துக்கு எடுப்பார்." இரண்டு செஷன் கழித்து, கேரக்டர்கள் யாரை அடித்துத் துரத்தினார்களோ அவனே சுங்கச்சீட்டு கையில் வைத்துக்கொண்டு, மரியாதையாக, வண்டிக்கு இவ்வளவு என்று கேட்பான். அவனை அடிக்க முடியாது, சீட்டில் ஹார்பினின் கையெழுத்து இருக்கிறது. இதற்குப் புதிய வரைபடமும் வேண்டாம், புதிய மான்ஸ்டரும் வேண்டாம்.

கோஷ்டிகளை நகர்த்தக் கடிகாரம் வரைவது நல்ல பழக்கம். 2017-ல் வந்த பிளேட்ஸ் இன் தி டார்க் என்ற வேறொரு ஆட்டம் இதை நன்றாகச் செய்கிறது. டாஸ்க்வால் என்ற ஒரே நகரம், சுற்றி மின்னல் வேலி, வெளியே ஆவிகள், ஓடிப்போக இடமில்லை. ஒரு வட்டத்தை நான்கு, ஆறு அல்லது எட்டுத் துண்டாகப் பிரித்து, கோஷ்டியின் திட்டம் நகர நகரத் துண்டுகளை நிரப்புவார்கள். டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸிலும் இது அப்படியே ஒட்டும். செஷனுக்கு ஒரு முறை ஒவ்வொரு கோஷ்டிக்கும் டி6 உருட்டுங்கள். 1 முதல் 3 வந்தால் ஒன்றும் இல்லை, 4, 5 வந்தால் ஒரு துண்டு, 6 வந்தால் இரண்டு. நிரம்பிய நாளில் திட்டம் நடந்தே தீர வேண்டும். பிளேயர்கள் மேல் இரக்கப்பட்டு டிஎம் அதை நிறுத்தினால், அடுத்த முறை யாரும் வட்டத்தைப் பார்க்க மாட்டார்கள்.

ஊர்க் கேம்பெயின் சாகிற இடம் பெரும்பாலும் ஐந்தாம் லெவல். காவலாளிக்கு ஹிட் பாயின்ட் 11, ஃபயர்பால் மந்திரத்தின் அடி சராசரி 28. அன்றிலிருந்து சட்டம் கேரக்டர்களுக்குப் பொருட்டில்லை. காவலர்களின் எண்ணைக் கூட்டிச் சமாளிப்பதில் பயனில்லை, திடீரென்று எல்லாக் காவலரும் முன்னாள் வீரர்கள் என்றால் பிளேயர் நம்ப மாட்டார். அந்தக் கட்டத்தில் ஊரின் பலம் வாளில் இல்லை. கொல்லன் பட்டறைக் கதவைத் திறப்பதில்லை, கோவிலில் ரெவிவிஃபைக்கு (செத்தவரை எழுப்பும் மந்திரத்துக்கு) வேண்டிய வைரம் தீர்ந்துவிட்டது என்கிறார்கள், சத்திரக்காரர் இடமில்லை என்கிறார். ஊர் வாயை ஃபயர்பாலால் எரிக்க முடியாது.

அடுத்த சிக்கல், இத்தனை மான்ஸ்டர் எங்கிருந்து வருகிறது என்பது. ஆயிரம் பேர் வாழ்கிற ஊரில் வாரம் ஒரு ராட்சதன் என்றால் மக்கள் என்றோ காலி செய்திருப்பார்கள். டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் உலகில் வரும் வாட்டர்டீப் நகரம் இதற்கு நல்ல விடை வைத்திருக்கிறது: யானிங் போர்ட்டல் சத்திரத்தின் நடுவே ஒரு கிணறு, 140 அடி ஆழம், கீழே அண்டர்மவுன்டன் பாதாளம். இறங்க ஒரு பொற்காசு, ஏறி வர ஒரு பொற்காசு. மேலே குடித்துக்கொண்டிருப்பவர்கள் யார் திரும்பி வருவார்கள் என்று பந்தயம் கட்டுவார்கள். ஆபத்துக்கு ஒரே வாசல், அதற்கு ஒரு காவலர், அதைச் சுற்றி ஒரு வியாபாரம். உங்கள் ஊருக்கும் இப்படி ஒரு வாய் வேண்டும். பழைய சுரங்கமோ, வற்றிய ஏரியோ, பூட்டிய கோபுரமோ எதுவாகவும் இருக்கலாம்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டால், ஆட்களின் வாழ்க்கையைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். மாதம் இரண்டு முறை, மூன்று மணி நேரம் கூடுகிறவர்கள் ஊரிலேயே இருப்பது நல்லது. நடுவில் பதினைந்து நாள் மறந்தாலும் சத்திரக்காரரின் பெயர் நினைவிருக்கும், ஆனால் எந்த ஹெக்ஸில் நின்றோம், எத்தனை தோல்பை மிச்சம் என்பது நிற்காது. வாரம் தவறாமல் வருகிற நான்கு பேர் இருந்தால் காட்டுக்குப் போங்கள். யார் எந்த வாரம் வருவார் என்றே தெரியாத பெரிய கூட்டமா, பென் ராபின்ஸ் உருவாக்கிய வெஸ்ட் மார்ச்சஸ் முறை இருக்கிறது. பாதுகாப்பான ஒரு ஊர், ஆபத்தெல்லாம் வெளியே, ஒவ்வொரு செஷனும் ஊரில் தொடங்கி ஊரில் முடியும், எங்கே போவது என்று பிளேயர்களே முன்கூட்டிச் சொல்வார்கள். அதில் ஊர் வேண்டுமென்றே சுவாரசியம் குறைவாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் யாரும் வெளியே போக மாட்டார்கள். செஷன் முடிய முக்கால் மணி நேரம் இருக்கும்போது "திரும்பும் நேரம்" என்று டிஎம் சொல்லியாக வேண்டும். அது தவறினால் அடுத்த வாரம் வேறு ஆட்கள் வரும்போது பாதிப் பேர் காட்டிலேயே மாட்டிக்கொண்டிருப்பார்கள்.

இரண்டையும் கலக்கிறவர்கள் ஒன்றை மட்டும் தவறாமல் செய்ய வேண்டும். கேரக்டர்கள் நாற்பது நாள் காட்டில் இருந்துவிட்டு ஊருக்கு வருகிறார்கள் என்றால், அந்த செஷனுக்கு முன் எட்டு அட்டையையும் எடுத்து நான்காவது வரியைப் படியுங்கள். மூன்று அட்டையில் அது நடந்து முடிந்ததாகக் குறியுங்கள், ஒன்றை அழித்து வேறு ஆளை எழுதுங்கள். பிறகு கேரக்டர்கள் ஊர் எல்லைக்கு வரும்போது அதைப் பற்றி எதுவும் சொல்லாதீர்கள். வழக்கமான சத்திரத்துக் கதவைத் தள்ளட்டும், உள்ளே வேறு ஒருவர் நிமிர்ந்து பார்த்து, "நீங்கள் யார்? அறை வேண்டுமா?" என்று கேட்கட்டும்.